ப்ளூ என்றால் நீலம் என்று யார் சொன்னது?

கேள்வி சுருக்கமாக இது: “‘ஃபீலிங் ப்ளூ’ என்றால் சோகம். ‘ப்ளூ ஃபிலிம்’ என்றால் ஆபாசப் படம். ‘ப்ளூ சிப்’ என்றால் நம்பி வாங்கலாம் என்கிற பங்கு. ‘ப்ளூ பிளட்’ என்றால் ராஜ வம்சம். ஒரே நிறத்துக்கு எப்படி இத்தனை அர்த்தம்? நம்ம ஊர் ‘நீலிக்கண்ணீர்’கூட இந்தச் சோகத்தோடு சம்பந்தப்பட்டதா?”

நீலிக்கண்ணீரைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குப் பிரசவம் ஆனது. குழந்தை நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெண் காரணமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, “பேபி ப்ளூஸ்தான், பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பக்கத்தில் நின்றிருந்த மாமா காதில் அது ‘ப்ளூ பேபி’ என்று விழுந்தது. குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று அவரே முடிவுகட்டி, வராந்தாவுக்கு வந்து ஊருக்கெல்லாம் போன் போட்டார். சாயந்தரத்துக்குள் அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். இருபது வருடமாக மொழிபெயர்ப்பில் குப்பை கொட்டுகிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டு, “அந்தம்மா என்னதாம்ப்பா சொன்னாங்க?” என்றார்கள்.

இரண்டும் ஒன்றல்ல. ‘பேபி ப்ளூஸ்’ அம்மாவுக்கு வருவது. பிரசவமான இரண்டு மூன்று நாளில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதாலும் தூக்கமின்மையாலும் வரும் அழுகை, எரிச்சல், படபடப்பு. பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு இது வரும், இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். அதைத் தாண்டியும் நீடித்தால் அது வேறு, வைத்தியம் தேவைப்படுகிற மனச்சோர்வு. ‘ப்ளூ பேபி’ என்பது குழந்தை நீலம் பாரித்திருப்பது. ஆக்சிஜன் குறைந்த ரத்தம் உடலெங்கும் ஓடுவதால் உதடும் நகமும் நீலமாகத் தெரியும். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வழியே இல்லை என்றிருந்த காலத்தில், 1944 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் அறுவைச் சிகிச்சை நடந்தது. யோசனை ஹெலன் டவுசிக் என்ற குழந்தை இதய மருத்துவருடையது. கத்தி பிடித்தவர் ஆல்ஃபிரட் ப்ளேலாக். அந்த முறையைச் சோதனைக்கூடத்தில் நாய்களிடம் செய்து செய்து தேர்ந்து, அன்று ப்ளேலாக்கின் பின்னால் நின்று அடுத்தது என்ன என்று சொல்லிக்கொடுத்தவர் விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். அவருடைய பெயர் பல வருடம் வெளியே வரவில்லை.

ஆக, ஒரே ஆஸ்பத்திரி வார்டில் ‘ப்ளூ’வுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று கண்ணுக்குத் தெரிகிற நிறம், இன்னொன்றில் நிறமே கிடையாது.

நாம் எங்கே குழம்புகிறோம் என்றால், இத்தனை அர்த்தமும் நீல நிறத்திலிருந்தே கிளைவிட்டவை என்று நினைக்கிறோம். நீலம் குளிர்ச்சி, நீலம் ஆழம், நீலம் அமைதி என்று அழகாக விளக்கம் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். பெரும்பாலானவை ஏதோ ஒரு சமயத்தில் நீலமாக இருந்த ஒரு பொருளிலிருந்து வந்தவை: ஒரு சட்டை, ஒரு சூதாட்டக் காய், ஒரு தாள், ஒரு நரம்பு. பொருள் வழக்கொழிந்துவிட்டது, நிறம் மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டது. அதனால் ஒவ்வொரு ‘ப்ளூ’வையும் தனித்தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

சொல்லே ஒரு கதை. ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு ஜெர்மானிய மொழிகளிலிருந்து போனது. லத்தீனில் இதற்கு உறவாகக் கருதப்படும் ‘ஃப்ளாவுஸ்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் மஞ்சள்! வடக்கே ஸ்காண்டிநேவியாவில் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘ப்ளார்’ என்றால் நீலமும் உண்டு, கருமையும் உண்டு. அண்டங்காக்கையைக்கூட அந்தச் சொல்லால் சொன்னார்கள். நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ‘நீலம்’ என்ற சொல்லே கருமைக்கும் நீலத்துக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது. பழைய தமிழில் நீலம் என்றால் கருங்குவளைப் பூ. கார்மேக வண்ணன் என்று பாடிய பெருமாளைக் காலண்டரில் நீலமாக வரைகிறோம், யாரும் சண்டைக்குப் போவதில்லை. இன்றைக்கும் ஊர்ப் பக்கம் போய் நீலச் சட்டையைக் காட்டிக் கேட்டால் பாதிப் பேர் ‘ஊதா’ என்பார்கள். ஊதா என்றால் நீலமா, கத்தரிப்பூ நிறமா என்பதை வைத்து எங்கள் வீட்டிலேயே இன்னும் வழக்கு நடக்கிறது.

சரி, சோகம். ஆங்கிலத்தில் இது புதிய வழக்கு இல்லை. 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் ஒரு கவிதையில் கண்ணீரை நீலக் கண்ணீர் என்கிறார். அடிபட்டுக் கன்றிப்போன தோல், செத்த உடம்பு, குளிரில் விறைத்த முகம் ஆகியவற்றின் நிறத்தைச் சொன்ன சொல் மெல்ல மனதுக்கும் போயிருக்கிறது. பிறகு ‘ப்ளூ டெவில்ஸ்’, அதாவது நீலப் பேய்கள், என்றொரு பேச்சு வந்தது. மனம் சோர்ந்து கிடப்பவனையும், குடியை நிறுத்தியதும் கை நடுங்கி இல்லாததையெல்லாம் காண்பவனையும் இந்தப் பேய்கள் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். 1798இல் லண்டனில் இதே பெயரில் ஒரு நகைச்சுவை நாடகமே மேடையேறியது. நாளடைவில் பேயை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ‘ஐ ஹேவ் த ப்ளூஸ்’ என்பதில் அந்தப் பன்மை ஏன் என்றால், அங்கே இருந்தவை பேய்கள் என்பதால்தான்.

அமெரிக்கத் தெற்கில் அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகள் பாடிய இசைக்கு இந்தப் பெயர் ஒட்டியது. டபிள்யூ. சி. ஹேண்டியின் ‘மெம்பிஸ் ப்ளூஸ்’ 1912இல் அச்சாகி வந்தது. 1920இல் மாமி ஸ்மித் பாடிய ‘க்ரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டு சக்கைப்போடு போட்ட பிறகுதான், கறுப்பினப் பாடகர்களின் தட்டுக்குச் சந்தை இருக்கிறது என்று கம்பெனிகளுக்கு உறைத்தது. இதில் ‘ப்ளூ நோட்’ என்று ஒன்று உண்டு. பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் ஸ்வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாக மூன்றாம் ஸ்வரத்தை அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து கொஞ்சம் தாழ்த்திப் பாடுவார்கள், அந்த இழுப்பில் ஒரு ஏக்கம் வந்துவிடும். கமகத்தில் ஊறிய நம் காதுக்கு இது புரியாத விஷயமே அல்ல. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் ஒரு ஊஞ்சல். மேற்கத்திய ஸ்வரத்தாளில் அதைச் சரியாக எழுதிக் காட்ட முடியாது.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ‘ஃபீலிங் ப்ளூ’ பெரிய துக்கம் இல்லை. அப்பா இறந்தவன் ‘ப்ளூ’வாக இருக்கிறான் என்று ஆங்கிலத்தில் சொல்ல மாட்டார்கள். ‘மனசு சரியில்லை’, ‘என்னமோ மாதிரி இருக்கு’ என்று நாம் சொல்கிற அளவுதான்.

அடுத்தது ஆபாசம். ‘ப்ளூ ஜோக்ஸ்’ என்பதை ‘சோக நகைச்சுவை’ என்று எழுதி என்னிடம் கொண்டுவந்த ஒரு தம்பியை மறக்க முடியாது. முதல் அர்த்தத்தை மட்டும் படித்தவன், பாவம். ஆங்கிலத்தில் ‘ப்ளூ’வுக்கு இந்தக் கொச்சையான அர்த்தம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஏன் வந்தது என்பதற்கு விலைமாதர் உடை, பிரெஞ்சுப் புத்தக அட்டை என்று ஏகப்பட்ட கதைகள் சுற்றுகின்றன. சான்றுள்ள கதை ஒன்றுகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சொல் பிறந்த இடத்தைவிட நம் ஊரில்தான் நன்றாக வாழ்கிறது. இன்றைய அமெரிக்க இளைஞனிடம் ‘ப்ளூ ஃபிலிம்’ என்றால் ஒரு நொடி விழிப்பான். நம்மிடமோ அது சினிமாக் கொட்டகை காலத்திலிருந்து வீடியோ கேசட், சிடி எல்லாம் தாண்டி வந்துவிட்டது. போலீஸ் செய்திகளில் ‘நீலப்படம்’ என்று தமிழாக்கியும் ஆயிற்று. தமிழில் நீலத்துக்கு அதற்கு முன் அப்படியொரு நாற்றம் கிடையாது. ஆங்கிலத்திலிருந்து நாமே காசு கொடுத்து வாங்கி ஒட்டிய அர்த்தம் அது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று இருக்கிறது, ‘ப்ளூ லா’. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது, மது விற்கக் கூடாது என்கிற வகைச் சட்டங்களுக்கு அமெரிக்காவில் அந்தப் பெயர். ப்யூரிட்டன் என்ற கடுமையான கிறிஸ்தவப் பிரிவினர் குடியேறிய பகுதிகளில் ஆரம்பித்தது. 1781இல் சாமுவேல் பீட்டர்ஸ் என்ற பாதிரியார் கனெக்டிகட் வரலாறு என்று ஒரு புத்தகம் எழுதி, அதில் அங்கிருந்த சட்டங்களை இந்தப் பெயரில் பட்டியல் போட்டார். பாதி அவரே ஜோடித்தவை. அந்தச் சட்டங்கள் நீலத்தாளில் அச்சானதால் இப்பெயர் என்று பிற்காலத்தில் கிளம்பிய விளக்கமும் பொய்தான். ஆனால் சட்டங்கள் பொய்யல்ல. நியூஜெர்சியின் பெர்கன் கவுண்டியில் இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை துணிக்கடை திறக்க முடியாது, பெரும்பாலான மால்கள் பூட்டிக் கிடக்கும். ஆக, அசிங்கமானதும் ‘ப்ளூ’, அசிங்கத்தை ஒழிக்கப் பிறந்ததும் ‘ப்ளூ’. நிறத்தின் குணத்தை வைத்து விளக்க முயல்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

‘ப்ளூ பிளட்’ கொஞ்சம் விவகாரமானது. ஸ்பானிய மொழியில் ‘சாங்க்ரே அசுல்’ என்பதன் நேர் மொழிபெயர்ப்பு அது. காஸ்டில் பகுதிப் பழைய பிரபுக் குடும்பங்கள், தங்கள் பரம்பரையில் மூர்களின் (ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்கள்) ரத்தமோ யூதர்களின் ரத்தமோ கலக்கவில்லை என்று காட்டிக்கொள்ளச் சொன்னது. வெயிலில் வேலை செய்யாத வெளுத்த தோல், அதனடியில் தெரிகிற நீல நரம்பு, அதுதான் அத்தாட்சி. அப்பட்டமாகச் சொன்னால் சாதிப் பெருமை. நம் ஆட்கள் இதை ‘ராஜ ரத்தம்’ என்று பெருமையாக மொழிபெயர்க்கும்போது, உள்ளே என்ன சரக்கு இருக்கிறது என்று தெரிந்து செய்தால் நல்லது. இத்தனைக்கும் நரம்புக்குள் ஓடுவது கருஞ்சிவப்புதான். தோலுக்குள் புகுந்து திரும்பும் ஒளியில் சிவப்பு அங்கே குறைந்து வருவதால் நம் கண்ணுக்கு நீலமாகத் தெரிகிறது. உண்மையிலேயே நீல ரத்தம் வேண்டுமென்றால் மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருக்கிறது. ஆக்சிஜன் சேர்ந்தால் அது நீலமாகிவிடும்.

ராஜாவிலிருந்து தொழிலாளிக்கு வருவோம். ‘ப்ளூ காலர்’ என்ற பேச்சு 1920களில் அமெரிக்காவில் வந்தது. பட்டறை, சுரங்கம், தொழிற்சாலை ஆட்கள் போட்ட முரட்டுப் பருத்திச் சட்டையின் நிறம். ஏன் நீலம்? அழுக்குத் தெரியாது என்பது பாதி பதில். மீதி பதில் அவுரிச் செடியில் இருக்கிறது, இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசை.

அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் காற்றுப்படும்படி அடித்துக் கலக்கினால் அடியில் நீலம் படியும். அதை வடித்துக் கட்டியாக்கி விற்பார்கள். தோய்க்கும்போது பார்க்க வேண்டும்: சாயத்தொட்டியிலிருந்து துணி வெளியே வரும்போது நீலமாக இருக்காது, மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். சாயம் நூலின் மேல்பகுதியில்தான் படிகிறது, உள்ளே இறங்குவதில்லை. ஜீன்ஸ் முட்டியில் வெளுப்பது அதனால்தான். இந்தச் சாயத்துக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் ‘இண்டிகோ’, அதாவது ‘இந்தியாவிலிருந்து வந்தது’. போர்ச்சுக்கீசியர் அதை ‘அனில்’ என்றார்கள். நம் ‘நீல’ என்பதே அரபு வழியாகப் போய் அப்படி ஆனது. பிற்காலத்தில் வேதியியலாளர்கள் அவுரிச் சாயத்தைக் காய்ச்சி வடித்து எடுத்த ஒரு திரவத்துக்கு ‘அனிலின்’ என்று பெயர் வைத்தார்கள். செயற்கைச் சாயத் தொழிலுக்கே அதுதான் தாய்ப்பால்.

துணியின் பெயர்களிலும் ஊர்கள் ஒளிந்திருக்கின்றன. ‘டெனிம்’ பிரான்சின் நீம் நகரம். ‘ஜீன்ஸ்’ இத்தாலியின் ஜெனோவா. ‘டங்கரி’ என்று ஆங்கிலேயர் சொல்லும் முரட்டு உடை நம் மும்பையின் டோங்ரி. புதுச்சேரியில் அவுரி தோய்த்த நீலத்துணி பிரெஞ்சுக் கப்பலேறி செனகல் போனது. அங்கே பிசின் வாங்க அதையே காசாகக் கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் நம் ஊர்த் துணி நாணயமாக ஓடியிருக்கிறது, இதை எந்தப் பள்ளிப் பாடமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிறகு நடந்தது தெரிந்ததே. ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் அவுரிச் சாயத்தின் வேதியியல் கட்டமைப்பைக் கண்டுபிடித்தார். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்திய அவுரி வியாபாரம் சரிந்தது. பீகாரின் சம்பாரணில் தோட்ட முதலாளிகள் அந்த நஷ்டத்தையும் குடியானவன் தலையில் கட்டினார்கள். இருபதில் மூன்று பங்கு நிலத்தில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏற்கெனவே இருந்தது, 1917இல் காந்தி அங்கே போனது இந்த விவகாரத்துக்குத்தான். திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி போடுகிறார்கள். இயற்கைச் சாயம் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், அமெரிக்கத் தொழிலாளியின் கழுத்துப்பட்டைக்கு வருவோம்: செயற்கை நீலம் மலிவானதும் அது உலகம் முழுக்கத் தொழிலாளியின் நிறமாகிவிட்டது. நம் ஒர்க்‌ஷாப்பில் ஆட்கள் போடும் நீல யூனிஃபார்மும் அந்த வரிசையில் வந்ததுதான்.

‘ப்ளூ சிப்’ அதே 1920களில், ஆனால் ஊரின் மறு கோடியில் பிறந்தது. போக்கர் ஆட்டத்தில் பணத்துக்குப் பதில் வைக்கும் வட்டக் காய்களில் வெள்ளை மலிவு, சிவப்பு நடுத்தரம், நீலம் விலை அதிகம். பங்குச்சந்தைச் செய்தி தரும் டௌ ஜோன்ஸ் நிறுவனத்தில் இருந்த ஆலிவர் கிங்கோல்ட், ஒரு பங்கு இருநூறு டாலருக்கு மேல் கைமாறுவதைப் பார்த்து அவற்றை ‘ப்ளூ சிப்’ என்று எழுதினாராம். கவனியுங்கள், அவர் சொன்னது விலை அதிகம் என்பதைத்தான். ‘பத்திரமானது’ என்ற அர்த்தம் பின்னால் ஏறியது. சூதாட்டப் பலகையிலிருந்து வந்த சொல்லை வைத்து ‘ரிஸ்க்கே இல்லை சார்’ என்று உங்களிடம் பேசுகிறவரை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

‘ப்ளூபிரின்ட்’ தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் கேள்வி வரும் என்று வாத்தியார் போர்டில் எழுதிப்போட்ட கட்டம். அதைப் பார்த்துத்தான் எந்தப் பாடத்தை ‘விட்டுவிடலாம்’ என்று முடிவு செய்தோம். உண்மையான ப்ளூபிரின்ட் ஒரு நகலெடுக்கும் முறை. வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. இரண்டு இரும்பு உப்புகளைக் கலந்து தாளில் பூசி, மேலே வரைபடத்தை வைத்து வெயிலில் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் நீலமாகும். கோடு மறைத்த இடத்தைத் தண்ணீரில் அலசினால் வெள்ளையாகவே நிற்கும். கட்டட வரைபடங்களை ஜெராக்ஸ் இல்லாத காலத்தில் இப்படித்தான் நகலெடுத்தார்கள். பிறகு வந்த முறையில் தாள் வெள்ளையாகவும் கோடு நீலமாகவும் தலைகீழாகிவிட்டது, ஆனாலும் பெயர் மாறவில்லை.

அந்தத் தாளில் உருவாகும் நீலத்துக்கு ‘ப்ரஷ்யன் ப்ளூ’ என்று பெயர். 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு சாயக்காரர் சிவப்புச் சாயம் செய்யப் போனார். அவர் பயன்படுத்திய பொட்டாஷில் விலங்கு ரத்தத்தின் மிச்சம் கலந்திருந்ததால் சிவப்புக்குப் பதில் நீலம் வந்துவிட்டது என்று சொல்வார்கள். 1782இல் ஷீலே என்ற வேதியியலாளர் இந்த நீலத்தை அமிலத்தோடு சூடாக்கி ஒரு கொடிய விஷத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கத்தில் நீலத்துக்குப் பெயர் ‘கியானோஸ்’. அதை வைத்து அந்த விஷக் குடும்பத்துக்கு ‘சயனைடு’ என்று பெயரிட்டார்கள். சயனைடு நீலமாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பார்க்க உப்பு மாதிரி வெள்ளை. நீலத்திலிருந்து பிறந்ததால் அந்தப் பெயர், அவ்வளவுதான். ப்ளூ பேபியின் நீலம் பாரிப்பை டாக்டர்கள் ‘சயனோசிஸ்’ என்று எழுதுவதும் இதே சொல். சிவகாசி அச்சகத்தில் நான்கு கலர் மையில் ஒன்றை ‘சயான்’ என்கிறார்களே, அதுவும் இதேதான். ஆலகாலம் உண்டவனை நீலகண்டன் என்று நாம் கூப்பிடுவதும் நினைவுக்கு வரும். அது வேறு கதை, இரண்டையும் முடிச்சுப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள்.

‘ஒன்ஸ் இன் அ ப்ளூ மூன்’. இதற்குத் தமிழில் ‘அத்தி பூத்தாற்போல’ என்று கச்சிதமாக இருக்கிறது, ‘நீல நிலா’ என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. 1528இல் பாதிரிமாரைக் கிண்டலடித்து வந்த ஒரு பிரசுரத்தில், நிலா நீலம் என்று அவர்கள் சொன்னால் நாம் அதையும் நம்பியாக வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. அதாவது முதலில் ‘நடக்கவே முடியாதது’ என்று அர்த்தம். பிறகு அது ‘எப்போதாவது நடப்பது’ என்று இளகியது. நாள்காட்டிக்காரர்கள் கையில் சிக்கியது பிற்பாடுதான். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து விவசாயப் பஞ்சாங்கம், ஒரு பருவத்தில் மூன்றுக்குப் பதில் நான்கு பௌர்ணமி வந்தால் அதில் மூன்றாவதை ‘ப்ளூ மூன்’ என்றது. 1946இல் ‘ஸ்கை அண்ட் டெலஸ்கோப்’ பத்திரிகையில் எழுதிய ஒருவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமி என்று எழுதிவிட்டார். 1980களில் ரேடியோ வழியாக அந்தத் தப்பு பரவிவிட்டது. பத்திரிகை 1999இல் தன் தவறை ஒப்புக்கொண்டபோது யாரும் திருத்திக்கொள்ளத் தயாராக இல்லை. 2023 ஆகஸ்டில் அப்படி இரண்டாவது பௌர்ணமி வந்தது. நம் சேனல்கள் ‘நீல நிலா’ என்று போட, எதிர்வீட்டுப் பாட்டி மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, “வெள்ளையாத்தானே இருக்கு” என்று இறங்கிப் போனார். பாட்டி சொன்னதுதான் சரி.

நிஜமாகவே நிலா நீலமானதும் உண்டு. 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோதும், 1950இல் கனடாவில் காடு எரிந்து புகை அட்லாண்டிக் கடலைத் தாண்டி பிரிட்டன் வரை போனபோதும் பார்த்திருக்கிறார்கள். தூசியும் புகைத்துகளும் சிவப்பு ஒளியைச் சிதறடிக்கும் அளவில், எல்லாம் ஒரே பருமனாக இருந்தால் அப்படித் தெரியும்.

‘அவுட் ஆஃப் த ப்ளூ’வில் ப்ளூ என்பது வானம். மேகமே இல்லாத வானத்திலிருந்து இடி விழுந்த மாதிரி. பத்து வருடமாகப் பேசாத சித்தப்பா திடீரென்று கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்றால் அதுதான். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அரசியலில் கவனம் தேவை. பிரிட்டனில் நீலம் கன்சர்வேடிவ் கட்சி, அதாவது வலதுசாரி. அமெரிக்காவில் நீலம் டெமாக்ரடிக் கட்சி, ஒப்பீட்டில் இடது பக்கம். அதிலும் அமெரிக்க வழக்கம் ரொம்பப் புதுசு. 2000க்கு முன் டிவி சேனல்கள் தேர்தலுக்குத் தேர்தல் நிறத்தை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தன. 2000 அதிபர் தேர்தலில் புஷ், கோர் போட்டியில் முடிவு தெரியாமல் ஐந்து வாரம் இழுத்தடித்தபோது, தினமும் அதே சிவப்பு நீல வரைபடத்தைக் காட்டிக் காட்டி அது நிலைத்துவிட்டது. நம் நாட்டில் நீலக்கொடி என்றால் அம்பேத்கர். அவர் 1942இல் தொடங்கிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடியே நீலம். ‘ப்ளூ ஸ்டேட்’ என்பதை அப்படியே ‘நீல மாநிலம்’ என்று எழுதினால் தமிழ் வாசகர் வேறு எங்கேயோ போய் நிற்பார். ‘டெமாக்ரடிக் கட்சிக்கு வாக்களிக்கும் மாநிலம்’ என்று நீட்டி எழுதுவதுதான் நேர்மை.

‘ப்ளூ கிராஸ்’ என்று சென்னையில் சொன்னால் அடிபட்ட தெருநாய்க்குப் போன் போடுவது. அமெரிக்காவில் சொன்னால் மருத்துவக் காப்பீடு. ‘ப்ளூஸ்டாக்கிங்’ என்றால் அதிகம் படித்த பெண்களுக்கு வைத்த கேலிப்பெயர். 1750களில் லண்டனில் எலிசபெத் மாண்டகு வீட்டில் கூடிய அறிவாளிகள் குழுவுக்கு, பட்டுக் காலுறை போடாமல் சாதாரண நீலக் கம்பளிக் காலுறையோடு வந்தவர் ஒரு ஆண்தான். பழி மட்டும் பெண்கள் மேல் விழுந்தது, வழக்கம்போல.

உங்கள் போனில் இருக்கும் ‘ப்ளூடூத்’ பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். சிதறிக் கிடந்த கூட்டங்களை ஒன்றுசேர்த்தவர். வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளைப் பேசவைக்கும் தொழில்நுட்பத்துக்கு, நல்ல பெயர் கிடைக்கும்வரை தற்காலிகமாக வைத்துக்கொள்வோம் என்று இன்டெல்லில் வேலை பார்த்த ஜிம் கார்டாக் சொன்னார், அதுவே நிலைத்துவிட்டது. அந்தக் குறியீடு, ஹரால்டின் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பழைய ரூனிக் எழுத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டது. அந்த அரசருக்கு ஒரு பல் செத்துக் கறுத்துப் போயிருந்தது என்று சொல்வார்கள். மேலே சொன்னேனே, பழைய நார்ஸ் மொழியில் கறுப்பும் நீலமும் ஒரே சொல் என்று. அப்படிப் பார்த்தால் அது ‘நீலப்பல்’ இல்லை, ‘கரும்பல்’.

இனி நீலிக்கண்ணீர். சாசரின் நீலக் கண்ணீருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது திருவாலங்காட்டுக்குப் பக்கத்திலுள்ள பழையனூரின் கதை. நீலி என்ற பேய், தன்னை முற்பிறவியில் கொன்ற வணிகனைத் தேடி மனைவி வேடத்தில் வருகிறாள். இடுப்பில் குழந்தையாக ஒரு கட்டை. ஊர்ப் பஞ்சாயத்தில் அவள் விட்ட கண்ணீரைப் பார்த்து, எழுபது வேளாளர்களும் அவனை அவளோடு ஒரே வீட்டில் தங்கவைக்கிறார்கள். உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்தபோது அவன் செத்துக் கிடக்கிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். பொய் அழுகைக்கு நீலிக்கண்ணீர் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. ஆங்கிலத்துக்காரன் கண்ணீருக்கு நிறம் கொடுத்தான். நம் கதையில் கண்ணீர் வெறும் கண்ணீர்தான், கருநிறம் அழுதவளின் பெயரில் இருக்கிறது.

அந்தக் குழந்தைக்கு இப்போது நாலு வயது. அத்தை முடிந்துவைத்த காசை எதற்கும் இருக்கட்டும் என்று கோயிலில் செலுத்திவிட்டார்கள்.